குந்தா இறக்கத்தில் நுரை

ஃபாரூக்கின் கெமிக்கல் கடைக்கு வந்து சேரும்போதே சுகுணாவுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. மஞ்சூரில் அவள் தெருவுக்கு நாலு நாளாய்த் தண்ணீர் விடவில்லை. அன்றைக்கு விட்டபோது இன்னும் விடியவில்லை. இருந்த குடம், டிரம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்துவிட்டு, அப்படியே சேலையை மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு ஓடி வந்திருந்தாள். ஊட்டி மார்க்கெட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கடை வாசலில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளில் ஒன்றின்மேல் சாய்ந்து நின்றுகொண்டு, கையிலிருந்த கேனை மேடைமேல் வைத்தாள்.

ஃபாரூக் கேனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இதுல பிடிச்சுட்டுப் போகவா வந்தீங்க அக்கா?"

"பழைய கேனு அடியில ஓட்ட விழுந்திருச்சுங்க. இது நல்லாத்தானே இருக்குது."

அது சமையல் எண்ணெய் வந்த கேன். பேக்கரிக்காரர் தூக்கிப் போட வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஃபாரூக் மூடியைத் திருகிப் பார்த்தார். அதன் திருகுமரை தேய்ந்துபோய், இறுகுகிற மாதிரி இறுகிக் கடைசியில் நழுவியது.

"எண்ணெய்க்கு இது போதும். ஸ்லரிக்கு ஆகாது" என்றார். "வியாழக்கிழமை நம்ம வண்டி அந்தப் பக்கம் வருது. அதுல நல்ல கேன்ல போட்டு அனுப்பிடறேன். பஸ்ல வேணாம்."

ஆசிட் ஸ்லரி என்பது பார்க்க ஒன்றுமில்லாத சரக்கு. கெட்டியான கருப்பட்டிப் பாகு போல இருக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தில் அழுக்கை எடுப்பதும் நுரையைக் கொடுப்பதும் அதுதான். சலவைச் சோடாக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் அதன் அமிலக் காட்டம் அடங்கிச் சோப்பாகிவிடும். அடங்குவதற்கு முன்னால் தோலில் பட்டால் தோல் வெந்துபோகும். சுகுணாவுக்கு இதெல்லாம் தெரியும். டீ ஃபேக்டரியில் வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது, மகளிர் குழுவில் சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டவள். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். இவள் மட்டும் வீட்டுப் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் டிரம்மும் மரக்கோலுமாகத் தொடர்ந்தாள். புருஷன் ரமேஷ் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான்; வந்தால் தூங்கிவிட்டுப் போவான். மஞ்சூரைச் சுற்றியிருந்த விடுதிகளும் டீக்கடைகளும் அவளிடம்தான் சோப்பு வாங்கின.

"வியாழக்கிழம வரைக்கும் ஆகாதுங்க. ரிசார்ட்டுல நாளைக்கே கேக்கறாங்க. இல்லீன்னா குன்னூர்ல இருந்து வாங்கிக்குவாங்க. ஒரு தடவ அங்க போனாங்கன்னா திரும்ப எங்கிட்ட வரமாட்டாங்க."

ஃபாரூக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவர் மனைவி அமீனா கோயம்புத்தூரில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். காலையில்தான் அங்கிருந்து வந்து கடையைத் திறந்திருந்தார். இன்னொரு நாளாக இருந்தால் முடியாது என்றால் முடியாதுதான். அன்றைக்கு வாக்குவாதம் செய்ய அவரிடம் தெம்பில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய் ஸ்லரியைப் பிடித்து வந்தார். கேன் வாயில் பாலிதீன் தாளை மடித்து வைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கி, அதன்மேல் மூடியைத் திருகினார்.

"படுக்க வெச்சிராதீங்க. காலுக்கு நடுவுல நேரா நிக்க வெச்சுப் பிடிச்சுக்கங்க. தரையில சிந்துச்சுன்னா மொதல்ல மண்ணு, அப்புறம் சோடா, கடைசியிலதான் தண்ணி. மேல பட்டா வேற எதுவும் வேணாம், நேரா தண்ணி. ஓடற தண்ணியில கழுவிட்டே இருக்கணும். கண்ணுல மட்டும்..."

"தெரியுமுங்க" என்றாள் சுகுணா. ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். காதில் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அங்கேயே வாங்கிய சோடாப் பையை ஒரு கையிலும் கேனை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

மஞ்சூர் பஸ்ஸில் பின்பக்கம் இடம் கிடைத்தது. கண்டக்டர் இசக்கி டிக்கெட் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இந்த ரூட்டில் பல வருஷமாக ஓடுகிறவர்.

"கேன்ல என்னம்மா?"

"பாத்திரம் கழுவற சோப்புங்க."

பாதி உண்மை. ஸ்லரி என்று சொன்னால் என்ன ஏது என்று கேட்பார், ஆசிட் என்ற சொல் வரும், இறங்கச் சொல்வார். விளக்கிச் சொல்ல அவளுக்கு வாயில் தெம்பில்லை. இசக்கி அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அவளுக்கு முன் சீட்டில் வயதான பெண் ஒருத்தி ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரி மருந்துக் கவர். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் காலைத் தரையில் வைத்திருந்தாள். தேயிலைக் காட்டு ஈரத்தில் வருஷக்கணக்காக நின்ற கால்; குதிகால் முழுக்க வெடிப்பு. ஒரு தடவை திரும்பி, "சன்னலக் கொஞ்சம் சாத்து புள்ள, குளிருது" என்றாள். சுகுணா சாத்தினாள். அவர்கள் பேசிக்கொண்டது அதுவரைக்கும் அவ்வளவுதான்.

பாலாடா தாண்டியபோது கேரட் வயல்களின்மேல் பனி இறங்கியிருந்தது. சுகுணா இரண்டு கால்களாலும் கேனை அணைத்துப் பிடித்திருந்தாள். சோடாப் பை மடியில் கனமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. தூங்கக் கூடாது என்று நினைத்தது ஞாபகம். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

நெடிதான் அவளை எழுப்பியது. பஸ் குந்தாவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கேன் அவள் கால்களை விட்டு நழுவி, முன் சீட்டுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. மூடி கழன்றிருந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு பட்டை, இறக்கத்தின் பக்கமாக மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. நின்றுகொண்டு வந்த ஒருவர் வழுக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ எண்ணெயக் கொட்டிட்டாங்கப்பா" என்றார் அவர்.

"யாரு கேனுங்க அது?" என்று முன்னாலிருந்து இசக்கியின் குரல் வந்தது.

சுகுணா வாயைத் திறக்கவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. தூக்கம் பாதி கண்ணில் இருந்தது. இதெல்லாம் வேறு யாருக்கோ நடக்கட்டும், நான் இப்படியே உட்கார்ந்திருக்கிறேன் என்பது போல உடம்பு கிடந்தது. முன் சீட்டுப் பெண் குனிந்து, காலடியில் பிசுபிசுத்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் பாதத்தைத் துடைத்தாள். பிறகு, பனிக்குக் கண் கரித்தது போல, அதே கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

சுகுணா எழுந்து பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கண்ணுல வெச்சராதீங்கம்மா. அது எண்ணெயில்லீங்க, ஆசிட்டுங்க. கேனு என்னுதுதான்."

ஆசிட் என்ற சொல் பஸ் முழுக்க ஓடியது. கால்களைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டவர்கள், கதவுப் பக்கம் நெருக்கியவர்கள், குழந்தையை மார்போடு சேர்த்தவர்கள். டிரைவர் வளைவைத் தாண்டி, மண் மேட்டோரமாக வண்டியை நிறுத்தினார். இசக்கி எல்லோரையும் முன் வாசல் வழியாக இறக்கினார். சுகுணா அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கிப் பின்வாசலால் இறக்கினாள். சாலைக்கு மேலே எங்கோ ஊற்றிலிருந்து கீழே முட்டைக்கோஸ் தோட்டத்துக்குப் போகும் கறுப்பு ஓஸ் குழாய் ஒன்று ஓரமாகக் கிடந்தது. அதன் இணைப்பைப் பிடுங்கினாள். தண்ணீர் ஐஸாகப் பீய்ச்சியது.

கல்மேல் அவளை உட்காரவைத்து, முதலில் விரல்களை, பிறகு இரண்டு பாதங்களையும் தண்ணீரில் பிடித்தாள். நனைந்த சேலைத் தலைப்பைத் தோலில் ஒட்டாமல் வெட்டி எடுக்க, யாரோ கத்தி கொடுத்தார்கள். ஸ்லரி பட்ட இடமெல்லாம் நுரை பொங்கியது. தேய்க்காமல், தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டேயிருந்தாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினார். "இதத் தடவும்மா. ஆசிட்ட முறிச்சுரும்."

"வேண்டாமுங்க. தோலு மேல சூடேறி இன்னும் வெந்துரும். தண்ணிதானுங்க" என்றாள் சுகுணா.

"எரியுதாங்கம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"எரியல புள்ள. நீ ஏன் இப்புடி அழுற?" என்றாள் அந்தப் பெண்.

தான் அழுவது சுகுணாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. எரியவில்லை என்றதும் ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. ஆனால் பாதத்தின் ஓரம் வெளுத்துப் போய், வெடிப்புகளின் விளிம்பு சாம்பல் நிறமாக இருந்தது. இது எரியாமல் இருக்காதே என்று தோன்றியது.

"நெசமாலுமே எரியலீங்களா?"

"எனக்குக் காலுல சொரணை கெடையாது. சீனி வருத்தம். முள்ளு குத்துனாக்கூட ரத்தத்தப் பாத்துத்தான் தெரியும். இப்பவும் அதுக்குத்தான் ஊட்டிக்குப் போயிட்டு வாரேன்" என்று மருந்துக் கவரைக் காட்டினாள்.

அவள் பெயர் ராக்கம்மா. சிலோனில் பிறந்து, சிறு வயதில் அப்பனோடு கப்பலில் வந்து, மஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவள். ஓஸைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். கால் விரலில் மெட்டி இருந்தது. அதற்கு அடியில் ஸ்லரி புகுந்திருந்தது. விரல் வீங்கத் தொடங்கியிருந்ததால் மெட்டி வரவில்லை. கடைசியில் அந்த நுரையே வழவழப்பாக்கிக் கொடுக்க, சுகுணா திருகித் திருகி எடுத்தாள். கீழே ஒரு வளையம் வெந்திருந்தது.

பஸ்ஸில் இசக்கி வாளியோடு ஏறுவதைப் பார்த்து, சுகுணா அங்கிருந்தபடியே சொன்னாள். "அண்ணா, தண்ணி வேண்டாமுங்க. மண்ணள்ளிப் போடுங்க மொதல்ல. அப்புறம் நான் உக்காந்திருந்த சீட்டுல பையில சோடா இருக்குதுங்க, அதத் தூவுங்க. வெறுங்கையால தொடாதீங்க."

இசக்கி அவளைத் திட்டவில்லை. டிரைவரும் அவருமாக மண்ணைப் போட்டு, தகரத்தால் சுரண்டி ஒரு சாக்கில் அள்ளினார்கள். சோடா தூவிய இடம் சீறிப் பொங்கியது. பிறகுதான் தண்ணீர் விட்டார்கள். அள்ளிய பிறகும் மிச்சமிருந்தது எவ்வளவு என்று அப்போது தெரிந்தது. பஸ் படிகளில் வெள்ளை நுரை இறங்கி, ரோட்டில் பரவி, வாய்க்காலை நோக்கி நகர்ந்தது.

ஓஸில் தண்ணீர் நின்றுபோனதைப் பார்த்து, தோட்டக்காரர் படகா மொழியில் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டு மேலேறி வந்தார். நுரையைப் பார்த்தார், ராக்கம்மாவின் காலைப் பார்த்தார். சத்தத்தை நிறுத்திவிட்டுக் கீழே போய் மண்வெட்டியோடு வந்து, வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணை வெட்டிப் போட்டார். "இதுக்குக் கீழதான் எங்களுக்குக் குடிதண்ணி" என்று மட்டும் சொன்னார். நுரை அந்த அணைக்குப் பின்னால் மேடாகத் தேங்கி நின்றது.

பின்னால் வந்த பஸ்ஸில் மற்றவர்கள் ஏறிப் போனார்கள். போகும்போது ஒரு பெண் சுகுணாவைப் பார்த்து, "உன்னையெல்லாம் போலீஸ்ல புடிச்சுக் குடுக்கணும்" என்றாள். சுகுணா தலையாட்டினாள். அவள் கைகள் அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தன. தோட்டக்காரர் ஜீப்பைக் கொண்டுவந்தார். ராக்கம்மாவின் காலை ஈரத் துணியில் சுற்றி, மஞ்சூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே நர்ஸ் ஜெஸிந்தா ஈரத் துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"தண்ணியில எவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?"

"பஸ்ஸக் கழுவி முடிக்கிற வரைக்குமுங்க."

"அது நல்லது. பாதம் ஓரளவு தப்பிச்சிருக்கு. ஆனா எப்ப கொட்டுச்சுன்னு தெரியாம எவ்வளவு நேரம் அதுலயே கால வச்சிருந்தாங்களோ." ஜெஸிந்தா மெட்டி இருந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். "சுகர் கால். இந்த விரல் லேசுல ஆறாது. உங்க கையக் காட்டுங்க."

சுகுணாவின் உள்ளங்கைத் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. அவளுக்கும் மருந்து போட்டுக் கட்டினார்கள்.

ராக்கம்மாவின் புருஷன் ஆண்டி வந்தபோது இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மெலிந்த மனிதர். வந்ததும், "ஊத்துனது யாரு?" என்றார்.

"நாந்தானுங்க."

அவர் கையை ஓங்கினார். ராக்கம்மா தடுக்கவில்லை. சுகுணாவும் நகரவில்லை. கட்டுப் போட்டிருந்த அவள் கைகளைப் பார்த்ததாலோ, மலையேறி வந்த களைப்பாலோ, ஆண்டி கையைக் கீழே போட்டுவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார். வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். சுகுணா நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஃபாரூக் தானாகவே ஊட்டியிலிருந்து வந்திருந்தார். "மூடி சரியில்லைன்னு பாத்தும் நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்" என்றார். இரண்டு பேருக்கும் அபராதம் போட்டு அனுப்பினார்கள். வெளியே வந்து இருவரும் டீ குடித்தார்கள். கடைசியில், "இனிமே காட்டம் அடக்குன பேஸ்டாத்தான் தருவேன் அக்கா. அதுவும் வண்டியிலதான் வரும். சொந்தக் கேன் கொண்டு வர்ற யாருக்கும் ஸ்லரி கிடையாது" என்றார் ஃபாரூக். சுகுணா சரியென்றாள். ரிசார்ட்காரர்கள் அதற்குள் குன்னூருக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ராக்கம்மாவின் பாதம் ஆறியது. விரல் ஆறவில்லை. ஒரு வாரம் நன்றாக இருப்பது போலத் தெரியும், அடுத்த வாரம் சீழ் வைக்கும். கட்டு மாற்றும் நாளெல்லாம் சுகுணா எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். ஒருத்தி நொண்டி நடக்க, ஒருத்தி பிடித்துக்கொள்ள, நின்று நின்று போவார்கள். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்ட பிறகு விரல் கறுத்தது. ஊட்டியில் வைத்து அதை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றியாயிற்று என்று டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் சந்தோஷம் என்று ஆண்டி சொன்னார்.

விரலை எடுத்துத் திரும்பி வந்த பிறகுதான் ராக்கம்மா அதைக் கேட்டாள். லயத்து வீட்டுக்குள், அடுப்புப் பக்கத்தில், கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை.

"கண்டக்டர் கேட்டாருல்ல, கேனு யாருதுன்னு."

"ஆமாங்கம்மா."

"அப்பவே நீ சொல்லியிருந்தா நான் காலத் தூக்கி மேல வச்சிருப்பேன்ல?"

சுகுணா எத்தனையோ தடவை அந்தக் கணத்தைத் தனக்குள் புரட்டிப் பார்த்திருந்தாள். அது நீளமானதா குட்டையானதா என்று அவளுக்கே இப்போது தெரியவில்லை. அதற்குள் எவ்வளவு வெந்தது, அதற்கு முன்னாலேயே எவ்வளவு வெந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தூக்கம், அசதி என்று சொல்லலாம். அசதி என்றால் என்னவென்று ராக்கம்மாவுக்குத் தெரியாதா.

"ஆமாங்கம்மா. தூக்கியிருப்பீங்க" என்றாள்.

ராக்கம்மா அடுப்பில் தேயிலைக் கவாத்துக் குச்சி ஒன்றைத் தள்ளிவிட்டாள். பிறகு, "தேத்தண்ணி இருக்கு, ஊத்திக் குடி" என்றாள்.

மழை விட்ட பிறகு ராக்கம்மா வேலைக்குத் திரும்பினாள். சரிவில் ஏறிக் கொழுந்து பறிக்க முடியாது என்று, நாற்றங்காலில் உட்கார்ந்தபடி பைகளில் மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். மெத்தென்ற செருப்பு ஒன்றை ஜெஸிந்தா எங்கிருந்தோ வாங்கிக் கொடுத்திருந்தாள். சுகுணா வண்டியில் வரும் பேஸ்டைக் கரைத்து, டீக்கடைகளுக்கு மட்டும் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலை முன்னை விட லேசு. வருமானமும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் போய்வருவதை அவள் நிறுத்தவில்லை. போகாதே என்று யாரும் சொல்லாததால் போனாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, தான் செய்ததில் ஒரு டப்பா எடுத்துக்கொண்டு போனாள். கையில் ஊற்றிக் காட்டி, "இதுல காட்டம் ஒண்ணுமில்லீங்கம்மா, பாருங்க" என்றாள்.

ராக்கம்மா டப்பாவை எட்டத்திலிருந்தே பார்த்தாள்.

"அத வெளியவே வச்சிட்டு வா புள்ள. இந்தக் காம்பராவுக்குள்ள வேணாம்."

சுகுணா திரும்பிப் போய் அதை வாசல் கல்லுக்கு அப்பால் வைத்தாள். குழாயடியில் ஆண்டி போட்டு வைத்திருந்த பாத்திரங்கள் கிடந்தன. அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளி வந்து, தேங்காய் நாரைச் சுருட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். சாம்பலில் கரி பிடித்த அடி லேசில் போவதில்லை. ராக்கம்மா உள்ளிருந்து, "கொழம்புச் சட்டிய நல்லா அழுத்தித் தேயி" என்றாள்.